தண்ணீரில் எடுத்த பலூன் காற்று

1958 ஏப்ரல் 28, திங்கள்

மேகம் கடைக்குள் வந்து நின்றது. படகு கிளப் செகரெட்டரியைப் பார்க்க மறுபடியும் நடை. சீசனுக்கு ஏரிப் படித்துறையில் பலூன் விற்க இடம் வேண்டும். நாற்காலி காட்டாமலே பேச்சு. சனிக்கிழமை மகளுக்குப் பிறந்தநாளாம். "ஐம்பது பலூன், அத்தனையும் மேலே பறக்கணும். பறந்தா இடம் உமக்கு. இல்லேன்னா மதுரைக்காரனுக்கு." மகள் பிறந்தநாளுக்கு ஓசிப் பலூன். பெரிய மனுஷர்.

வாங்க வேண்டியது: காஸ்டிக் சோடா, நூல், ஓட்டை அலுமினியச் சட்டி.

30, புதன்

தூறல். கொல்லையில் இரும்பு டிரம்மில் சோதனை. தண்ணீர், காஸ்டிக் சோடா, நறுக்கிய சட்டித் துண்டு. தண்ணீர் ஐஸ். கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். மச்சினன் சுல்தான் பாடம் எடுத்தான். "தண்ணிக்குள்ள ஹைட்ரஜன் கெடக்கு மச்சான். அலுமினியம் அதைப் பிரிச்சு வெளிய விடுது. குளிருல வெரசா நடக்காது. கீழ வத்தலக்குண்டு வெயில்ல பலூன்ல அடைச்சு லாரியில கொண்டாந்துருவோம்." கெமிஸ்ட்ரியில் இரண்டு முறை கோட்டை விட்டவன். இதைப் பரீட்சையில் எழுதியிருக்கலாம். "அடுப்பெரியிற வீட்டுல இந்தச் சோலி வேண்டாங்க" என்று வீட்டுக்காரியும். சரி என்றேன்.

மே 3, சனி

மதியம் லாரி வந்தது. ஐம்பதையும் சுல்தான் விம்ம விம்ம அடைத்து வலை போட்டுக் கட்டியிருக்கிறான். பாதி மலையில் ஒன்று வெடித்ததாம், பெருமாள்மலை வருவதற்குள் மற்றதெல்லாம். டயர் போயிற்றென்று டிரைவர் இறங்கி இறங்கிப் பார்த்தாராம். வந்து சேர்ந்தது ரப்பர் கந்தல். "மேல ஏற ஏற அதுவா உப்புது மச்சான்." கீழிருந்து வரும் பிஸ்கட் டின் எல்லாம் மூடி உப்பித்தான் வருகிறது. இறக்கி வைப்பவனே இவன். தலையாட்டிய என்னை என்ன சொல்ல.

நாலு மணிக்கு விழா. டீக்கடை பாய்லர் வெந்நீரை வாங்கி, கடைக்குப் பின் சந்தில் டிரம்மில் ஊற்றினோம். பொங்கிய பொங்கில் கை வைக்க முடியவில்லை. ஈரச் சாக்கைப் போர்த்தி வேறு ஐம்பது பலூனில் அடைத்து, நேரத்துக்குக் கிளப் புல்வெளியில் கொண்டு சேர்த்தோம். ஐம்பதும் மேலே நின்று ஆடின. செகரெட்டரிக்குப் பல் தெரிந்தது. கேக் மேசையில் மெழுகுவத்தி. அதன் பக்கத்தில் கொத்தைக் கட்டச் சொன்னார்.

"அங்க வேண்டாங்க. நெருப்புப் பட்டா புடிச்சிக்கிடும்."

"வெறும் காத்துதானேய்யா?"

"தண்ணியில இருந்து எடுத்த காத்துங்க. எரியும்."

முகம் வெளுத்தது. அங்கேயே நூலை வெட்டச் சொன்னார். ஐம்பதும் மேகத்துக்குள். பிள்ளைகள் அழுகை. "வெடிகுண்டு விக்கவா இடம் கேட்டீர்?"

வழியில் சுல்தான்: "வாயை மூடிக்கிட்டுத் தள்ளிக் கட்டியிருக்கலாம் மச்சான்." பிள்ளைகள் மெழுகுவத்தி பக்கம் இழுத்துக்கொண்டு வராதா. முட்டாள்.

4, ஞாயிறு

நல்ல வெயில். படித்துறையில் மதுரைக்காரன். புதருக்குப் பின்னால் அதே மாதிரி டிரம், அதே மாதிரி சட்டித் துண்டு. உள்ளே என்ன என்று ஒரு அம்மாள் கேட்டாள். "வெறுங் காத்துதாம்மா." செகரெட்டரி மகளுக்கு ஒன்று வாங்கினார். நூலைத் தானே பிடித்துக்கொண்டு சுருட்டை வாயில் வைத்து, தீப்பெட்டியைத் தேடினார். இதுவும் எரியும் என்று போய்ச் சொன்னேன்.

"உமக்குப் பொறாமைய்யா" என்றார்.