சாய்ந்து சுழலும் ஜோடி

ஐப்பசி, செவ்வாய். அரியலூர்.

ஒன்றையொன்று சுற்றி மோதும் நியூட்ரான் நட்சத்திர ஜோடிகள் அனுப்பும் ஈர்ப்பலைகளைத் தேடத்தான் என் புரோகிராம். இன்று அதைச் சோதிக்க நானே ஒரு போலி அலையைக் கருவிகள் பதிந்த தரவுக்குள் ஒளித்து வைத்தேன். சுற்றுப்பாதைக்குச் சாய்ந்த அச்சில் சுழலும் நட்சத்திரங்களின் அலை அது. புரோகிராம் கண்டுகொள்ளவே இல்லை. இத்தனை வருடமாக நேராகச் சுழல்பவற்றை மட்டுமே தேடியிருக்கிறேன்.

போனில் சொன்னபோது என் ஆராய்ச்சி கைடு பதறக்கூட இல்லை. "இனிமே திருத்த நேரமில்லம்மா. சாஞ்சத விட்டுட்டு தீசிஸ எழுதிடுங்க."

அந்தச் சாய்ந்ததற்காகத்தான் நான் இந்தப் படிப்பிலேயே சேர்ந்தேன்.

சாப்பிடும்போது சுண்ணாம்புக் குவாரியில் வெடி வைத்தார்கள். பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. அலமாரித் தம்ளரைப் பிடித்துக்கொண்டே அம்மா கேட்டாள், "அப்ப வானத்துலேர்ந்து ஒண்ணுமே வரலியாடி?"

"வந்திருக்கலாம்மா. நான்தான் வுட்டுட்டேன்."

"எத்தன வுட்ட?"

சோற்றைப் பிசைந்தேன். இன்றைக்குத் தவறியது நானே வைத்தது. அதனால் தவறியது தெரிந்தது. மற்றவை தவறியதை எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்?