கங்கம்மா ஜாத்திரையில் உன் பிள்ளை திட்டியது

என் செல்லத் தங்கச்சி அமுதாவுக்கு,

நீ போன பிறகு உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நல்ல செய்தி வரட்டும், வந்ததும் எழுதலாம் என்று இருந்தேன். வரவில்லை. ஆகவே இருக்கிற செய்தியை எழுதுகிறேன்.

வீட்டு விஷயத்தை அண்ணன் இப்படி நாலு பேர் படிக்க எழுதுகிறானே என்று உனக்குக் கோபம் வரும். அமுதா, அது ஏற்கெனவே தெருவுக்குப் போய்விட்டது. போனில் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரித்த இடத்தில் என்ன இருந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன் மகன் முனிராஜா பெங்களூரை விட்டுத் திருப்பதி வீட்டுக்கே வந்துவிட்டான். அந்தக் கம்பெனியில் அவன் சேர்ந்தபோது நீ இருந்தாய். தெரு முழுக்க இனிப்பு கொடுத்தாய். நீ போன அடுத்த வருடம் ஒரு காலையில் அவனுடைய கம்ப்யூட்டர் திறக்கவில்லை. பாஸ்வேர்டு தப்பாக அடிக்கிறோம் என்று நினைத்து, திரும்பத் திரும்ப அடித்திருக்கிறான். அவன் அடித்தது சரிதான். வேலைதான் போயிருந்தது. எதிரே நின்று அதைச் சொல்ல ஒரு மனிதன்கூட வரவில்லை.

பிறகு இன்டர்வியூ இன்டர்வியூவாக அலைந்தான். போன இடமெல்லாம், "நடுவில் இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய்?" என்று கேட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்று அனுப்ப அனுப்ப அந்த நாட்கள் நீண்டுகொண்டே போயின. அடுத்தவன் அதையே கேட்டான். வகுப்புக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு, ஏன் வகுப்பில் இல்லை என்று கேட்கிற வாத்தியாரை நீ பார்த்திருக்கிறாயா? நான் முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தவன். எங்களில் மோசமானவன்கூட அதைச் செய்ததில்லை.

கடைசியில் திருப்பதியிலேயே சாப்பாடு டெலிவரி வேலைக்குப் போனான். ஒருநாள் மத்தியானம் யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம். பை மடியில். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கதவு நாலு படி மேலே. அவனால் ஏற முடியவில்லை. வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்து, குடித்திருக்கிறான் என்று புகார் கொடுத்துவிட்டார். அத்தோடு அதுவும் போயிற்று. அவன் அறைக்குள் போய்ப் படுத்தான், சுவரைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு வந்து போனவர்களின் வாயை எப்படிச் சொல்ல? உன் வீட்டுக்காரர் லாட்ஜில் ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். "சாஃப்ட்வேர் சாரு எழுந்துட்டாரா? துன்றது, படுக்கிறது. நல்ல உத்தியோகம்!" உன் நாத்தனார் ஜெயம்மா வந்தால், "எம்புள்ள கத்தார்ல வெயில்ல நின்னுக்கினு கீறான், இவனுக்கு ஃபேன் காத்துலயே வேர்க்குது" என்பாள். எதிர் டீக்கடைக்காரர் கவர்ன்மென்ட் வேலைக்குக் குரூப் பரீட்சை எழுதச் சொன்னார். அவர் மாப்பிள்ளை ஜிம்முக்குப் போகச் சொன்னார். இந்த ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் கோச்சிங் சென்டர் விளம்பரம். ஜெயித்த பிள்ளைகளின் முகங்கள். மிச்சப் பிள்ளைகளின் முகங்களை எங்கே ஒட்டியிருக்கிறார்கள்?

நான் சித்தூரிலிருந்து பஸ் ஏறி வரும்போதெல்லாம் உன் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "மாப்ள, நம்ம ஊரு கெணத்துல மோட்டாரு ஓடும், தண்ணி ஏறாது. குழாயில காத்து பூந்திருக்கும். அதுக்காக மோட்டார சோம்பேறின்னு யாராச்சும் திட்டுவாங்களா? மூடியத் தெறந்து தண்ணி ஊத்திப் பாக்க மாட்டோமா?" அவர் கேட்டுவிட்டு, "மோட்டாரா இருந்தா வித்துட்டு வேற வாங்கிடலாம் மச்சான்" என்றார். அறைக் கதவு திறந்திருந்தது.

இந்த வருட ஜாத்திரைக்கு ஜெயம்மா வேண்டிக்கொண்டாள். முனி குங்கும வேஷம் போட்டு ஊர் சுற்றி வந்தால் பிடித்தது விலகிவிடும் என்று. அவனை யாரும் கேட்கவில்லை. வேஷம் உனக்குத் தெரியாததா? உடம்பெல்லாம் குங்குமம் பூசி, தலையில் பூச்சரம் சுற்றி, கையில் வேப்பிலையோடு போகிறவன் யாரை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். திட்டு வாங்கினவருக்கு அந்த வருடம் நோய்நொடி அண்டாது என்பது நம்பிக்கை. யாரும் கோபப்படக் கூடாது. வேஷம் கலைத்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவும் கூடாது.

உன் பிள்ளை பொம்மைமாதிரி நின்று பூசிக்கொண்டான். தெருவில் இறக்கிவிட்டோம். நல்ல வெயில். வாயே திறக்கவில்லை. ஜெயம்மா வேப்பிலையால் முதுகில் தட்டினாள்.

"திட்டுடா முனி! திட்டலன்னா வேண்டுதல் சேராது!"

டீக்கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே கூவினார். "ஏம்ரா சாஃப்ட்வேரு, திட்டறதுக்கும் இன்டர்வியூ வெக்கணுமா?"

அவ்வளவுதான்.

"டேய் டீக்கடை! தெனம் என்ன பாத்து 'எங்க வரைக்கும் வந்துக்கீது வேல'ன்னு கேக்கறியே, உன் டீ எங்க வரைக்கும் வந்துக்கீதுடா? அது டீயாடா? அண்டா கழுவின தண்ணிடா!"

தெரு அதிர்ந்தது. கடைக்காரரே தொடையில் தட்டிச் சிரித்தார். முனி திரும்பினான். எல்லாரும் தெலுங்கில்தான் திட்டுவார்கள், நம் பிள்ளை நம் வீட்டுத் தமிழில் திட்டினான். ஜெயம்மாவை, அவள் மகனை, கத்தாரை. என்னையும் விடவில்லை. "யோவ் வாத்தியாரு! மோட்டாரு, பம்பு, குழாய்னு உதாரணம் சொல்லியே சாவடிக்கிறியே, நான் இன்னா உன் அஞ்சாங்கிளாஸா?" நானும்தான் சிரித்தேன். கூட்டம் கூடிவிட்டது. "இன்கா திட்டுரா! இன்கா!" என்று, இன்னும் திட்டச் சொல்லிக் கத்தினார்கள். இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

கடைசியில் அவன் அப்பாவின் முன்னால் போய் நின்றான்.

"நைனா! போன மாசம் கதவ சாத்திக்கினு வெளிய போனேனே, எதுக்குப் போனேன்னு தெரியுமாயா உனக்கு? திரும்பி வரக்கூடாதுன்னு போனேன்யா! செத்துப்போலாம்னு போனேன்! நீ போன் போட்டு இன்னா சொன்ன? 'வரப்போ கறிவேப்பில வாங்கினு வாடா'ன்ன! வாங்கினு வந்தேன்யா! கொசுறா கொத்தமல்லியும் கேட்டு வாங்கினு வந்தேன்யா!"

அமுதா, அன்றைக்கு எல்லாவற்றையும்விட அதிகச் சிரிப்பு அதற்குத்தான். ஒரு பெண் சிரிப்புத் தாங்காமல் பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்துவிட்டாள். "கங்கம்மா எறங்கிட்டா இவன்மேல!" என்று ஜெயம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உன் வீட்டுக்காரர் வாய் சிரித்தபடியே இருந்தது. துண்டை உதறிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுபோயிற்று.

குங்குமம் வியர்வையில் கரைந்தால் நெற்றியிலிருந்து கீழே இறங்கும். அவனுக்குக் கண்ணிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

நான் ஆத்தாவைக் குறை சொல்லவில்லை. நாங்கள் யாரும் திறக்காத வாயை அவள் திறந்தாள். கேட்கவேண்டிய காதுகள்தான் சிரித்துக்கொண்டிருந்தன.

கோயிலுக்குப் போய்வந்து வேஷம் கலைக்க மாடித் தொட்டிக்கு வந்தான். நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

"முனி, கறிவேப்பிலன்னியே..."

"வேஷத்துல சொன்னத கேக்கக் கூடாது மாமா."

"கேட்டா ஆத்தா என்னதான புடிப்பா? புடிக்கட்டும். நெஜமா?"

"முதுகுல ஊத்து மாமா." ஊற்றினேன். தரையெல்லாம் சிவப்பாக ஓடியது. அது வெளுத்த பிறகுதான் சொன்னான். "நெஜம்தான்."

"இப்பவுமா?"

"தெனமும் இல்ல."

தினமும் இல்லை. இந்தப் பதிலை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது அமுதா? சந்தோஷப்படவா?

கீழே இறங்கி உன் வீட்டுக்காரரிடம், நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றேன். மனசுக்குப் பார்க்கிற டாக்டர் என்றதும் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார்.

"மெதுவா பேசு மச்சான். ஜாத்திரை முடியற வரைக்கும் ஊரு தாண்டக்கூடாது."

"ஆஸ்பத்திரி ஊருக்குள்ளதான் கீது மாப்ள."

"ரெக்கார்டுல ஏறிடும். நாளைக்கு கவர்ன்மென்ட் வேலைக்கு மெடிக்கல் டெஸ்ட்டு வெப்பான். அப்புறம் எவன் பொண்ணு குடுப்பான்?"

வராத வேலைக்கு மெடிக்கல் டெஸ்ட். பார்க்காத பெண். அறைக்குள் இருக்கிற பிள்ளை மட்டும் அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. என் வயதுக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. "உயிரோட இருந்தாதான்யா மெடிக்கல் டெஸ்ட்டு!" என்று கத்திவிட்டேன். ஜெயம்மா ஓடிவந்தாள். "ஆத்தா வந்து சொஸ்தமாக்கிட்டுப் போயிருக்கா, அவள நம்பாம டாக்டர்கிட்ட போனா தெய்வக் குத்தம் அண்ணா" என்றாள். ஆத்தா அவன் வாயால் சொன்னதை யார் நம்பினீர்கள் என்று கேட்டேன்.

உன் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "நானும் கேட்டேன் மச்சான், அவன் சொன்னத. கேக்காத மாதிரிதான் இருக்க முடியுது. பயமா கீது" என்றார். அந்த மனிதரையும் என்னால் முழுசாக வெறுக்க முடியவில்லை. வெறுக்க முடிந்தால் சுலபமாக இருக்கும்.

மறுநாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். தாய்மாமனுக்கு அந்த உரிமைகூடவா இல்லை? ஆஸ்பத்திரி வராண்டா முழுக்க அவன் வயசுப் பிள்ளைகள். காலேஜ் பையைக்கூடக் கழற்றாத பெண்கள். கூட வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பொய் வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஏர்பேடு ஊர்க்காரர் ஒருவர், "பையனுக்கு கேஸ் ட்ரபுள்" என்றார். அந்தப் பையன் இரண்டு மணிக்கட்டையும் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு, தலைகுனிந்து இருந்தான். இவ்வளவு பிள்ளைகளா! பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கவைத்து, படி, படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லாரும் சொல்லி அனுப்பிய பிள்ளைகள். என்ன சரியாகிவிட்டது?

டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டாக்டரம்மா சிரிக்கல மாமா" என்றான்.

அதன் பிறகு எல்லாம் நன்றாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. முதல் மாத்திரை அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி எடுத்தான், மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சில நாள் எழுந்து குளித்துச் சவரம் செய்துகொள்கிறான். சில நாள் பழையபடி சுவர்தான். வேலை இல்லை. இப்போதைக்குத் தேடவேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாள். டீக்கடையில் அதைச் சொன்னால், "அப்டி சொல்ற டாக்டர் எனக்கும் ஒண்ணு வேணுமே" என்கிறார்கள். அவன் திட்டிய வீடியோ சித்தூர் வரைக்கும் வந்துவிட்டது. என்னிடம் படித்த ஒருவன், நல்ல பையன், எனக்கே அனுப்பியிருந்தான். "சார், உங்க தங்கச்சி பையன் செம காமெடி" என்று. கொத்தமல்லி வருகிற இடத்தில் யாரோ சிரிப்புச் சத்தம் வேறு சேர்த்திருக்கிறார்கள்.

போன முறை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது உன் வீட்டுக்காரர் எங்களுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். நாங்கள் வெளியே வந்ததும் முனியை ஏறெடுத்துப் பார்க்காமல் என்னிடம் கேட்டார். "மாத்திர துன்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா மச்சான்?"

"பின்னாடி நைனா" என்றான் முனி.

அப்பாவும் பிள்ளையும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஒரே ஆட்டோவில் ஏறினோம்.

இன்னொன்று, அமுதா. இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். நீ கனவில் வருகிறாய் என்று சொன்னான். வாசலில் நின்று, வா என்று கையை நீட்டுகிறாயாம். எழுந்ததும் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவன் முகம் சிறுபிள்ளை முகமாக இருந்தது.

நீ அவனைத் தேடுவாய், எனக்குத் தெரியாதா? உன்னிடம் நான் எதையும் மறுத்ததில்லை. இதை மறுக்கிறேன். அவனைக் கூப்பிடாதே. கனவில் வந்தால் தலையைத் தடவிவிட்டுப் போ, கையை நீட்டாதே. நீட்டினாலும் அனுப்ப மாட்டேன். அவனுடைய இன்னொரு கையை நான் பிடித்திருக்கிறேன். என் பிடி தளர்கிற வயசு வருவதற்குள் அவன் அப்பாவின் கையை அதில் கொண்டுவந்து வைத்துவிடுவேன். அந்த மனிதர் ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்துவிட்டார். வராண்டா வரைக்கும் இழுத்துவந்து உட்காரவைக்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அவன் வருவான், அமுதா. பல்லெல்லாம் போய், தலை நரைத்து, மெதுவாக நடந்து வருவான். அதுவரைக்கும் நீ காத்திரு.

உன்னிடம் முதல்முறை முடியாது என்று சொல்கிற அண்ணன்,
முனிராஜாவின் தாய்மாமன்