உன் மூக்கும் என் பாயாசமும்

இன்று காலை போடியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில், முந்நூறு பேருக்கான பாயாசம் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. ஏலக்காய்ப் பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் வரவில்லை. உன்னைத்தான் நினைத்தேனடி.

மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் ஏலக்காயை ஸ்டோரில் அக்கம்பக்கம் உட்கார்ந்து இருபது வருஷம் தரம் பிரித்தோம். ஞாயிற்றுக்கிழமையானால் உன் வீட்டில் பாயாசம், நம் ஆசைக்கு. ஒருமுறை மணக்கவே இல்லையென்று நாம் ஏலக்காயை அள்ளி அள்ளிப் போட, ஒரு வாய் குடித்த உன் வீட்டுக்காரருக்கு முகம் கோணிவிட்டது. "அடியே, நாளெல்லாம் ஏலக்காய மோந்து நம்ம மூக்கு செத்துப்போச்சுடி! இது பாயாசமில்ல, கசாயம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அப்போதெல்லாம் கெட்டுப்போனால் சிரிக்கலாம்.

நோவு வந்து நீ வீட்டோடு இருந்த ஆறே மாதத்தில் உன் மூக்குக்கு உயிர் வந்துவிட்டது. கட்டிலில் சாய்ந்தபடி, நான் நீட்டும் கரண்டியை மோந்துவிட்டு "போதும்டி, நிப்பாட்டு" என்பாய். எனக்கோ இன்னும் கொஞ்சம் போடத் தோன்றும். நீ விடமாட்டாய். சமையலையே சோலியாக எடுத்துக்கொள்ளவா என்று கேட்டதற்கு, "எடுடி. ஆனா பயந்துக்கிட்டே கிண்டாத, கை கனத்து அள்ளிப் போட்டுருவ" என்றாய்.

நீ கண்ணை மூடியபிறகு எனக்கு முழங்காலும் மடங்கவில்லை, போன மாதம்தான் ஸ்டோரை விட்டேன். இனி இதுதான் பிழைப்பு. முதல் சமையலே சொதப்பினால் அப்புறம் எவர் கூப்பிடுவார்? உதவிக்கு வந்தவர்களும் ஸ்டோர்க்காரிகள்தான், அவர்கள் மூக்கும் என் மூக்கைப் போலத்தான். மாலை கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கரண்டியோடு ஓடினேன். "எனக்கு மல்லிகையத் தவிர ஒரு வாசமும் தெரியாதுத்தா" என்று சொல்லிவிட்டாள்.

"இலை போட்டாச்சு, பாயாசத்த வெரசா கொண்டா!" என்று வெளியே சத்தம்.

பொடியைத் தூவினேன். போதாது என்று மனம் அடித்துக்கொண்டது. இன்னொரு பிடி அள்ளிய கை அப்படியே நின்றது. இந்த இடத்தில்தானே நீ எப்போதும் தடுப்பாய்? பிடியை டப்பாவிலேயே கொட்டி மூடினேன். கதவுக்குப் பின்னால் நின்று, பந்தியில் யார் முகமாவது கோணுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அண்டா காலி. அடுத்த முகூர்த்தத்துக்கும் சொல்லியிருக்கிறார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன், பயம் இன்னும் விடவில்லை. சில மாதத்தில் எனக்கும் மூக்கு திரும்பிவிடும். திரும்பிவிட்டால் உன் "போதும்டி" எனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று, அதற்கும் பயமாயிருக்கிறதடி.