அக்காவுக்கு ஒரு முழு டிக்கெட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. போனில் பேசினால் ஒரு பக்கம் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார், இன்னொரு பக்கம் உன் இரட்டைகள் போனைப் பிடித்து இழுக்கின்றன, நடுவில் உன் அம்மா சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று கேட்டதையே கேட்கிறாள், எனக்கு வந்து சேருவது சரிம்மா உடம்பைப் பாத்துக்கோ என்ற கடைசி வார்த்தைதான். ஆனால் இந்தத் தடவை என்னிடம் இருப்பது ஒரு பெரிய வெற்றிச் செய்தி. மாப்பிள்ளை காதுபடச் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கமும் வராது. கவரை நன்றாக ஒட்டித்தான் அவரிடம் தபாலில் போடக் கொடுக்கப்போகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். தண்ணீர் மோட்டார் சரியாகிவிட்டது, இனி வாளியோடு படியேற வேண்டாம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, மீதிப் பாதியை அவள் விடமாட்டாள், வேலை சொல்ல அது வேண்டும். பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் மாப்பிள்ளை காலையில் பிள்ளைகளைக் கிளப்பி, தலை சீவி, அங்கே விட்டுவிட்டுத்தான் ஆபீஸ் போகிறார். இரட்டைகளில் பெரியவளுக்குப் பின்னல்கூடப் போட இப்போது அவருக்கு வருகிறது, கொஞ்சம் ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். நல்ல மனுஷன் அம்மாடி, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. எதிலும் மிச்சம் பிடிப்பார். ஷேவிங் பிளேடிலிருந்து சோப்பு வரைக்கும் கடைசித் துளி பார்த்துத்தான் விடுவார், ஏன் இப்படி என்று கேட்டால், எல்லாம் சேந்தா அவ வெளிநாட்டு நர்ஸ் வேலையை முடிச்சுட்டுச் சீக்கிரம் வந்துடலாம் மாமா என்பார். அப்படிச் சொல்கிறவரிடம் நான் என்ன பேச? அதுவும் அவர் வீட்டில் இருந்து அவர் சாப்பாட்டைச் சாப்பிடுகிற மாமனார் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

லீவு விட்டதும் பிள்ளைகளைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே கப்பல் ஊஞ்சல் ஒன்று இருக்கிறது, ஒரு வீட்டளவு கப்பல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வானத்துக்கும் பூமிக்கும் ஆடும். மாடிவீட்டுப் பெண் போய்விட்டு வந்து சொன்னதிலிருந்து பெரியவளுக்கு வேறு பேச்சே இல்லை. அதில் ஏற இவ்வளவு உயரம் வேண்டும் என்று ஒரு கம்பு நட்டிருக்கிறார்களாம். இவள் என்ன செய்தாள் தெரியுமா, கீழ்வீட்டுத் தையல்காரரிடம் போய் டேப்பை வாங்கிவந்து, அந்த உயரத்தைச் சமையலறைக் கதவில் கோடு போட்டு, தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்னால் அதில் போய் முதுகை ஒட்டி நிற்பாள். ஒருநாள் தலை கோட்டைத் தொட்டுவிட்டது. அன்றைக்கு வீட்டில் திருவிழாதான். சின்னவனுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது, அவன் கோட்டைத் தாண்டி எப்போதோ வளர்ந்துவிட்டான், அவன் காதுக்கு வருகிறாள் இவள். வீட்டில் நாம் பெரியவள் என்று கூப்பிட்டால் வந்தவர்கள் சின்னவனைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அவளுக்கென்று இருக்கிற ஒரே சொத்து, அவனுக்குச் சில நிமிஷம் முன்னால் பிறந்தது. அந்தச் சொத்தையும் அவன் ஒத்துக்கொள்வதில்லை. அக்கான்னு கூப்பிடுடா என்று இவள் சொல்ல, நீ முதல்ல வந்ததை யாரு பாத்தா என்று அவன் கேட்க, தினமும் இதே பஞ்சாயத்து. இந்த ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பயல் வாயிலிருந்து அக்கா என்ற வார்த்தை வந்ததில்லை.

சரி, போனோம். பஸ் பிடித்து, வெயில் ஏறும் முன் வாசலில் வரிசையில் நின்றோம். டிக்கெட் ஜன்னலுக்கு மேலே கொட்டை எழுத்தில் போர்டு, ஏழு வயது நிரம்பாதவர்களுக்கு அரைக் கட்டணம் என்று. மாப்பிள்ளையும் அதைப் பார்த்துவிட்டார், பார்த்துவிட்டு அப்படியே பெரியவளைக் குனிந்து பார்த்தார். உன் அப்பன் வாழ்நாளெல்லாம் கண்டக்டராக இருந்தவன், அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? படிக்கட்டில் ஏறும்போதே பெற்றவர்கள் பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பார்கள், அடுத்த நிமிஷம் பிள்ளைக்கு இரண்டு வயது குறைந்துவிடும். இன்னும் பள்ளிக்கூடமே சேக்கலைங்க என்று ஒரு அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே மடியில் இருந்த பையன் ஜன்னலுக்கு வெளியே கடைப் பெயர்ப்பலகைகளை ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டு வந்தான். மீசை அரும்பின பயலை மடியில் உட்காரவைத்து மூச்சுத் திணறின தகப்பனையும் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே முழு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவேன். மற்றவர்களிடம் சிரிக்கலாம், மாப்பிள்ளையிடம் எப்படிச் சிரிப்பது?

மாப்பிள்ளை ஜன்னலில் குனிந்து, பெரியவங்க மூணு, பையனுக்கு ஏழு, பொண்ணுக்கு ஆறு என்றார். ஒரே நாளில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வருஷ வித்தியாசம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். உள்ளே இருந்த பெண் ஒன்றும் கேட்கவில்லை. கையில் கட்டிக்கொள்ளப் பட்டை கொடுத்தாள், முழு டிக்கெட்டுக்குச் சிவப்பு, அரை டிக்கெட்டுக்கு மஞ்சள். மஞ்சள் போட்டவர்கள் சின்னப் பிள்ளைகள் பகுதிக்கு மட்டும்தான் போகலாம், வாத்துப் படகு, பொம்மை ரயில், அவ்வளவுதான். கப்பல் பக்கமே விடமாட்டார்கள். இது மாப்பிள்ளைக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார். பெரியவள் தன் கையைப் பார்த்தாள், சின்னவன் கையைப் பார்த்தாள். அந்தப் பயல் சும்மா இருக்கக்கூடாதா, இனிமே நீதான் தங்கச்சி என்றானே பார்க்கலாம்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நேரே ஜன்னலுக்குத் திரும்பிப் போனாள். ஜன்னல் திட்டு அவள் தலைக்கு மேலே இருக்கிறது. கையை மட்டும் தூக்கி டொக்கு டொக்கென்று தட்டினாள். உள்ளே இருந்த பெண் யார் தட்டுகிறார்கள் என்று தெரியாமல் எழுந்து எட்டிப் பார்த்தாள். நான் அவனுக்கு அக்கா, அவனுக்கு ஏழுன்னா எனக்கு எப்படி ஆறு ஆகும் என்று கேட்டாள் உன் மகள். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? ஆனால் அந்தப் பெண் நம்பவில்லை அம்மாடி. இவளை ஒரு தடவை பார்த்து, நெட்டையாக நின்ற சின்னவனை ஒரு தடவை பார்த்து, நீ அவனுக்கு அக்காவா, போ பாப்பா, அப்பாகிட்ட போ என்று சிரித்தாள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பாவோ கொஞ்சம் தள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார். அப்போது பெரியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்றால் என்ன என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துகொண்டேன். வாயைத் திறந்தால் அத்தனை பேர் முன்னால் மாப்பிள்ளைக்குத் தலைகுனிவு, நாளைக்கு அந்த வீட்டில் எந்த முகத்தோடு தட்டில் கை வைப்பேன்? திறக்காவிட்டால் இந்தப் பிள்ளை அன்றைக்கு மட்டுமில்லை, இனி எப்போதும் தங்கைதான், அவன் விடமாட்டான். உன் அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். பேசு என்று கிள்ளினாளா பேசாதே என்று கிள்ளினாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. நான் மெதுவாகத்தான் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், சத்தியமாக. ஆனால் தொண்டையிலிருந்து வந்தது பழைய கண்டக்டர் குரல், கூட்டமான பஸ்ஸில் முன் படியிலிருந்து பின் படி வரைக்கும் போகுமே, அந்தக் குரல். ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்கம்மா, ஏழு முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, பொண்ணுதான் மூத்தவ, முழு டிக்கெட் போடுங்க என்றேன். வரிசை மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. பலூன்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண் அவரைப் பார்த்து, சார், இவர் யாரு என்று கேட்டாள். யாரோ பெரியவர் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போயிருக்கலாம், கோபத்தில் எல்லோரையும் வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்திருக்கலாம். அவர் மகளைப் பார்த்தார். இன்னும் திட்டைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்திக்கொண்டு நிற்கிறாள் அவள். என் மாமனார், அவர் சொல்றதுதான் சரி, நான்தான் குறைச்சுச் சொல்லிட்டேன் என்று சொல்லி பர்ஸை எடுத்தார். அவ்வளவு பேர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும், எனக்கே இருந்திருக்குமா தெரியாது. உன்னை நாங்கள் சரியான இடத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று அங்கேயே அழுகை வந்துவிட்டது, வெயிலில் கண் கூசுகிறது என்று சமாளித்தேன். அந்தப் பெண் கத்தரிக்கோலால் மஞ்சள் பட்டையை வெட்டிப் போட்டுவிட்டுச் சிவப்புப் பட்டையை எடுத்து, இந்த முறை ஜன்னலுக்கு வெளியே வந்து, இந்தாங்க அக்கா என்று பெரியவள் கையில் அவளே கட்டிவிட்டாள். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கப்பலண்டை போனோம். அங்கே ஒரு கூத்து. கம்பருகில் நின்ற பையன் ஷூவைக் கழற்றச் சொன்னான். பெரியவள் கழற்றினாள். உள்ளே ஒரு ஜோடி சாக்ஸ், அதற்குள்ளே ஒரு ஜோடி, அதற்குள்ளே மாப்பிள்ளையின் ஆபீஸ் சாக்ஸ் நாலாக மடித்துக் குதிகாலுக்கு அடியில்! நான் ஊரைக் கூட்டி உண்மையை நிலைநாட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறேன், உன் அம்மா வானத்தைப் பார்க்கிறாள். பிள்ளை ஏமாந்துடக்கூடாதேன்னு ஒரு முன்ஜாக்கிரதைதான் என்கிறாள் பிறகு. மாப்பிள்ளை அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார், மாமா, உங்க வீட்டு டிக்கெட்டையும் கொஞ்சம் செக் பண்ணுங்க என்றார். பெரியவள் எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு கம்பில் போய் முதுகை ஒட்டி நின்றாள். அந்தப் பையன் அவள் தலையில் அட்டையை வைத்து, குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். போங்க என்றான். சமையலறைக் கதவுக் கோடு பொய் சொல்லவில்லை அம்மாடி!

உன் அம்மாவும் நானும் பையும் செருப்பும் சாக்ஸும் காவல் காத்துக்கொண்டு கீழே நின்றோம். பிள்ளைகள் இரண்டும் கப்பலின் கடைசி வரிசையில், மாப்பிள்ளை அவர்களுக்கு முன் வரிசையில். சின்னவன் ஏறும்போது கையை ஆட்டிக்கொண்டு மகாராஜா மாதிரி ஏறினான். கப்பல் மெல்ல ஆடியது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அப்புறம் ஒரே தூக்கு. பின்பக்கம் அப்படியே வானத்தில் நிற்கிறது. எல்லோரும் ஓவென்று கத்துகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல் தனியாக வந்தது, அக்காஆஆ, என்னைப் புடிச்சுக்கோ அக்கா என்று. நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். நம் சின்னவன்தான்! மறுபடியும் அக்கா, இன்னொரு ஆட்டத்துக்கு இன்னொரு அக்கா, ஏழு வருஷப் பாக்கியை அந்தப் பயல் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். அதற்குமேல் ஒரு குரல், புடிச்சிருக்கேன்டா தம்பி, கண்ணை மூடிக்கோ என்று. அவன் கழுத்தை வளைத்து அவள் பிடித்திருந்தது கீழேயிருந்தே தெரிந்தது. எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது, அடித்தும்விட்டேன், உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சின்னவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான், அவள் தூங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள், தம்பி விழுந்துவிடுவானாம். கண்டக்டர் வந்தார். அவர் கேட்கும் முன்பே மாப்பிள்ளை, பிள்ளைங்க ரெண்டுக்கும் ஏழு முடிஞ்சிடுச்சு என்றார். யாரும் கேட்கவே இல்லை. கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு இரவு தட்டில் எனக்கு முதலில் பரிமாறியவரும் மாப்பிள்ளைதான்.

நீ அடுத்து போன் பண்ணும்போது எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, பூங்காவுக்குப் போனீங்களாமே என்று மட்டும் கேள், அவரே சொல்லுவார், சொல்லட்டும். இராத்திரி வேலை முடிந்து வந்தால் போனை நோண்டாமல் படு. காலுக்கு நல்ல சாக்ஸ் வாங்கிக்கொள், ஒரு ஜோடி போதும். நீ நின்று பார்க்கிற நோயாளிகளின் வாழ்த்தெல்லாம் உன்னைக் காக்கட்டும், போன வேலை குறையில்லாமல் முடிந்து நீ நல்லபடியாக வீடு வந்து சேரவேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா

இதை எழுதி முடிக்கும்போது இரண்டும் வந்து நின்றுகொண்டு, நாங்களும் கையெழுத்துப் போடணும் என்றன. பெரியவள் பெயர் எழுதமாட்டாளாம். முதலில் அவள்தான் போட்டாள். பிறகு பேனாவை அவனிடம் நீட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றான். அவனாகத்தான் எழுதினான். கீழே பார்த்துக்கொள்.

அக்கா

தம்பி