முதுகில் உள்ள பெயர்

எடிசன்,
27-1-1999, புதன்கிழமை

அன்பு மகன் அகிலனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் வான்மதியும் சௌக்கியம். என்னைக் கேட்டால் உடம்பு சௌக்கியம், மனசு இல்லை. நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை, உன்னைச் சௌக்கியமாக வைத்துக்கொள்ளத்தான் அங்கே ஒருத்தி இருக்கிறாளே. வேண்டுமென்றேதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஏழு வயதில் இந்த ஊருக்கு வந்த உன்னை ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார வைத்துத் தமிழ் படிக்க வைத்தது வீண் போகவில்லை, இப்போது நீ தங்கியிருக்கிற வீட்டுக்காரி டார்லீன் உன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாலும் அவளுக்கு ஒன்றும் புரியாது. மெதுவாக எழுத்துக் கூட்டிப் படி. நடுவில் மூடி வைத்துவிட்டுப் பிராக்டிசுக்கு ஓடாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். சரி என்று வாய் சொன்னதே தவிர அதற்குப் பிறகு இரண்டு நாள் இந்த வீட்டில் பாத்திரங்களுக்குத்தான் அடி. பிப்ரவரி இருபதாம் தேதி உங்கள் ஐஸ் ஹாக்கி டீமில் பேரன்ட்ஸ் நைட், ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு பையனும் தன் அம்மாவைக் கைபிடித்து ஐஸ் நடுவே கூட்டிப் போவான், ஒரு பூ கொடுப்பான், மொத்த அரங்கமும் கை தட்டும். இதெல்லாம் நீயே சொன்னாய். சொல்லிவிட்டு, "அம்மா நீ வர வேண்டாம், ரொம்ப தூரம், ஸ்னோ வேற, டார்லீன் வில் வாக் வித் மீ, இட்ஸ் ஓகே" என்றாய். யாருக்கு ஓகே? வான்மதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாம், யூ ஆர் ஸோ ஜெலஸ்" என்றாள். பதினான்கு வயதில் வாய் அவ்வளவு நீளம். ஆனால் பொய் சொல்லவில்லை.

வீட்டுச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது வெறும் சண்டைக் கடிதமாகிவிடும். அப்பாவுக்கு இன்னும் அதே வேலைதான், ரயில் ஏறி மன்ஹாட்டன் போய் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடாமல் இருக்கத் தேதிகளைத் திருத்துகிறார். அந்தத் தேதி தாண்டியதும் இவர்களை யார் வைத்துக்கொள்வார்கள் என்று யாரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள், கிரீன் கார்டு இன்னும் வந்த பாடில்லை, வேலை முடிந்தால் துடைத்த காகிதம் மாதிரி போட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னால் எதிர்மறையாகப் பேசாதே என்கிறார். எதிர் வீட்டு மகாதேவன் அங்கிளின் பையன் ஷ்ரேயஸ் ரட்கர்சில் டாக்டர் படிப்புக்குச் சேர்ந்திருக்கிறான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து இறங்குகிறான். அவன் அம்மா என்னைப் பார்த்து, "பாருங்கோ மாமி, இவன் சாக்ஸை எல்லாம் நான்தான் தோய்க்கணும்" என்று அலுத்துக்கொள்கிறாள். அந்த மூட்டையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது கண்ணு. டாக்டர் சீட்டைப் பார்த்து எரியவில்லை, நாற்றமடிக்கும் சாக்ஸைப் பார்த்து எரிந்தது. உன்னுடைய சாக்ஸ் ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தியின் மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நீ ஐஸில் கால் வைத்தது எட்டு வயதில். எனக்கு வேலை பார்க்கக் கூடாது என்று பாஸ்போர்ட்டில் முத்திரை, இந்த நாட்டில் நான் செய்ய அனுமதி இருந்தது கார் ஓட்டுவதும் காத்திருப்பதும்தான், இரண்டையும் உனக்காகச் செய்தேன். விடியும் முன்னால் உன்னைத் தூக்கத்தோடு காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவேன். மற்றப் பையன்களுக்கு அப்பாக்கள் மண்டியிட்டு ஸ்கேட் கயிறு கட்டுவார்கள், அவர்கள் அப்பாவுக்கு அவர்கள் தாத்தா கட்டியிருப்பார். நான் பக்கத்து ஆளைத் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டப் பழகினேன், விரல் இடுக்கெல்லாம் தோல் உரியும். அந்த அப்பாக்களைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான். ஆட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் எது தப்பு எது சரி என்று அவர்களுக்குத் தெரியும், எனக்கு ஆஃப்சைடு என்கிற விதி புரியவே இரண்டு வருஷம் ஆனது. ஐஸைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றால் என்னைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகவே இருக்கும். ஒருத்தன் இன்னொருத்தனிடம், இவனுங்க கணக்குப் போட்டிக்குப் போக வேண்டியதுதானே, நம்ம பையன் இடத்தை ஏன் பிடிக்கிறானுங்க என்று கேட்டதை என் காதால் கேட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிட்டான். நீ அன்றைக்கு ஹெல்மெட்டுக்குள் இருந்தாய், இரண்டு கோல் போட்டாய். உன் எலும்பு சின்னது, மேலே போக முடியாது என்று ஒரு கோச் சொன்னார். அடுத்த இரண்டு வருஷத்தில் நீ அவர் தலைக்கு மேலே வளர்ந்தாய், முட்டையும் பருப்பும் போட்டு வளர்த்தது யார்?

இன்னொன்றும் உனக்குத் தெரியும், ஆனால் நாம் பேசியதில்லை. ஜெர்சியில் உன் முதுகில் இருப்பது அப்பா பெயர். ஒரு தோளில் தொடங்கி மறு தோளில் போய் முடிகிறது, பாதியாக வெட்டிக்கொள்ளலாமா என்று டீமில் கேட்டபோது நீ மாட்டேன் என்று சொன்னாயாம், அப்பா அதை ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரிங்கில் யாரும் அகிலன் என்று கூப்பிட மாட்டார்கள், முதுகில் உள்ளதைத்தான் கத்துவார்கள். எங்கள் பக்கத்தில் கட்டினவர் பெயரைப் பெண்டாட்டி சொல்வதில்லை, கல்யாணமான நாள் முதல் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. பாங்கில் கேட்டால் லைசென்ஸை நீட்டுவேன், டாக்டர் ஆபீசில் கேட்டால் வான்மதியைச் சொல்ல வைப்பேன், கையெழுத்துப் போட்டாலும் அதன் முதல் எழுத்தோடு நிறுத்திவிடுவேன். அதனால் எல்லா அம்மாக்களும் தொண்டை கிழியக் கத்தும்போது நான் கார் சாவியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு தடவை "கண்ணு" என்று கத்திவிட்டேன், அன்றைக்கு வீடு வரும்வரை காரில் நீ என்னோடு பேசவில்லை.

போன வருஷம் ஆகஸ்டில் உன்னை அயோவாவுக்கு அனுப்பியபோது, பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களை இப்படி முன்பின் தெரியாத வீட்டில் விடுவதுதான் இந்த ஆட்டத்தில் வழக்கம் என்றார்கள். நானும் லாட்ஜ் மாதிரி என்று நினைத்தேன். உன்னைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கே டார்லீன் உன் தலையைக் கோதிவிட்டு, "தி கிட் இஸ் ஃபேமிலி நவ்" என்றாள். அதற்கு நான் செய்த காரியத்தைச் சொல்லி அப்பா இன்னும் சிரிக்கிறார். தீபாவளிக்கு அவளுக்கு ஒரு பட்டுப் புடவையும் தட்டு நிறையப் பழமும் பலகாரமும் கட்டி அனுப்பினேன், பிள்ளை சாப்பிடுகிற வீட்டுக்கு எப்படி வெறுங்கையோடு இருப்பது? பார்சலைத் தூக்கிக்கொண்டே அப்பா, "ஏன் அம்மிணி, பையனை அவங்க ஊட்டுக்குக் கட்டிக் குடுத்துட்டமா? சம்மந்திக்குச் சீர் போகுதாட்டம் இருக்குது" என்றார். அப்போது நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால் அவர் சொன்னது சரிதான், கொடுத்துத்தான் விட்டோம். நீ எத்தனை முட்டை சாப்பிடுகிறாய், தோற்ற நாளில் யாரோடும் பேசாமல் எந்த நாற்காலியில் உட்காருகிறாய், மாடிப்படியில் நீ இறங்கும் சத்தம் எப்படி இருக்கும், எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நான் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்துக்கு அம்மா.

நேற்று அவளே எனக்குப் போன் செய்தாள். பேரன்ட்ஸ் நைட்டுக்கு அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வரட்டுமா, எனக்குச் சந்தோஷமாக இருக்குமா என்று கேட்டாள். எனக்குத் தலை வரை ஏறிவிட்டது. புடவை கட்டிக்கொண்டு ஐஸில் நடந்தால் தடுக்கி விழுவாய் என்று சொன்னேன். உண்மைதான். அப்புறம் அவள், நீங்கள் ஏன் வரவில்லை, அவன் வர வேண்டாம் என்று சொன்ன காரணம் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஸ்னோ என்றேன். ஸ்னோ இல்லை என்றாள். அன்றைக்கு உங்கள் டீமோடு ஆடுவது பக்கத்து ஊர்க்காரர்கள், பஸ் பஸ்ஸாக ஆள் வருவார்கள், நீ அவர்கள் பக்கம் போகும்போதெல்லாம் கடையைப் போய்த் திறடா, பெட்ரோல் போட ஆள் நிற்குது என்று கத்துவார்களாம், நம் நாட்டுக்காரர் என்றாலே பெட்ரோல் கடை வைத்திருப்பவர் என்று நினைப்பு, நம்மைப் பற்றி இன்னும் என்னென்னவோ சொல்வார்களாம், அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதிலேயே தெரிந்தது. டிசம்பரில் ஒருத்தன் அம்மாவைச் சேர்த்து ஏதோ சொல்ல நீ கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடித்துவிட்டாய், இரண்டு ஆட்டம் வெளியே உட்கார வைத்தார்கள். என்னிடம் மணிக்கட்டு சுளுக்கு என்று சொன்னாய். நானும் நம்பித் தைலம் அனுப்பினேன். அந்தத் தைலத்தை டார்லீன் புருஷன் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்கிறாராம், நன்றாகக் கேட்கிறதாம், இன்னொரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்டாள்.

இருபதாம் தேதி பெரிய லீக் டீமிலிருந்து ஸ்கௌட் வருகிறார்கள் என்பதும் தெரிந்தது. ஜூன் மாதம் பெரிய டீம்கள் பையன்களைப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்டில் உன் பெயரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் ஆட்கள். நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கூட்டம் கத்தினால் உன் கை சும்மா இருக்காது, நீ இன்னொரு தடவை அடித்தால் அவர்கள் நோட்டை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், அதுதான் உன் பயம். இதை நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை என்று நினைக்காதே, அப்போதும் பொறாமைதான் வந்தது. என் பிள்ளையைத் திட்டுகிற திட்டைக் கூட எனக்கு முன்னால் அவள் கேட்டிருக்கிறாள். வாரா வாரம் அந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்து, அது அவள் காதில் விழுகிறது, பதிலுக்கு அவள் உன் முதுகில் இருப்பதைக் கத்துகிறாள், பாதி எழுத்தை முழுங்கிவிட்டுத் தப்பும் தவறுமாக. அது என் இடம் அகிலா. பூ கொடுக்கிற இடத்தைவிட அந்தப் பெஞ்சுதான் என் இடம்.

அதனால் டிக்கெட் போட்டுவிட்டோம். நானும் அப்பாவும் பத்தொன்பதாம் தேதி வருகிறோம், வான்மதி மகாதேவன் அங்கிள் வீட்டில் இருப்பாள். வேண்டாம் என்று போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். நான் புடவைதான் கட்டிக்கொண்டு வருவேன், அதன் மேலே உன் இன்னொரு ஜெர்சியைப் போட்டுக்கொள்வேன், கீழே ஸ்னோ பூட்ஸ். ஐஸ் மேல் கம்பளம் விரிப்பார்கள் என்று டார்லீன் சொன்னாள், இத்தனை வருஷம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றிருக்கிறேன், ஒரே ஒரு அடி கம்பளத்தை விட்டு இறங்கி வைத்துப் பார்க்க வேண்டும், கையை விட்டுவிடாதே. டார்லீனும் மறுபக்கம் வரட்டும், நாற்றமடிக்கிற சாக்ஸைத் தோய்த்தவள், வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பூ எனக்கு. அவளுக்கு வேறு பூ வாங்கிக்கொள். ஆட்டம் தொடங்கியதும் நீ மேலே பார்க்கவே கூடாது, யார் எதைக் கத்தினாலும் கையுறை கையில் இருக்க வேண்டும், அந்த ஆட்கள் உன் காலைப் பார்க்க வந்திருக்கிறார்கள், காலைக் காட்டு. கத்துவதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் சத்தத்துக்கு மேலே உன் முதுகில் உள்ளதை முழுசாக, ஒரு எழுத்து விடாமல் கத்தப் போகிறேன். அப்பா பக்கத்தில்தான் இருப்பார், திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

வருகிற ஞாயிறு தைப்பூசம், பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை சொல்லியிருக்கிறேன், முருகன் உன் காலுக்கும் கைக்கும் துணை இருப்பான், கைக்குக் கொஞ்சம் கூடுதலாக. பல்லுக்கு வைக்கிற ரப்பரை மறக்காமல் போடு. தைலம் இன்னொரு பாட்டில் கொண்டு வருகிறேன் என்று டார்லீனிடம் சொல். வாயால் சொல்லும் முன் கையால் ஒரு தடவை பழகிப் பார்க்கலாம் என்று கீழே முழுசாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் சிரிக்காதே.

நன்றாக இரு சாமி.

இப்படிக்கு உன் அம்மா,
சாந்தாமணி வெங்கடாசலம்