அறுபது சதுரப் போர்வை

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று கூட்டமில்லை. காலையில் மூன்று மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்தினேன். மதியம் ஒரு பெரியவர், மூக்கை உறுத்துகிறது என்று நான்காவது முறையாக வந்தார். கம்பியைக் கொஞ்சம் நெம்பிக் கொடுத்தேன். "இப்பதாம்மா மூக்கு மேல உக்காருது" என்றார். அரை மில்லிமீட்டர்தான் விஷயம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளிடமிருந்து போன். அவளுக்கு ஆறாவது மாதம்.

"அம்மா, நீயும் சித்தியும் சேர்ந்து பாப்பாவுக்கு ஒரு போர்வை பின்னித் தரணும்."

"நானே பின்னித் தரேனே."

"சேர்ந்துன்னு சொன்னேன். கொண்டு வரும்போதும் சேர்ந்துதான் வரணும். தனித்தனியா வந்தா வாங்க மாட்டேன்."

வைத்துவிட்டாள். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரைப் போய்க் கேட்பது.

மார்ச் 5, புதன்

சித்தி என்றால் என் ஓரகத்தி. கொழுந்தனாரின் மனைவி. குடும்பத்தில் எல்லாருக்கும் அவள் 'சின்னவள்'. பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் கடையே கதி என்று கிடந்தபோது என் மகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியது அவள்தான். பின்னால் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். அவளுக்குத் தொழிலே அது, ஓட்டுநர் பள்ளியில் பயிற்சி கொடுக்கிறாள். எனக்கு நூல் பின்னும் குரோஷா கொக்கி ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவளே.

இரண்டு வருஷத்துக்கு முன் தனி வீடு பார்த்துப் போனார்கள். சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அன்று நான் அவளைப் பார்த்துச் சொன்னேன்: "நீ போனா வீடு விசாலமா இருக்கும்."

அவள் கையில் மிக்சி ஜாடி இருந்தது. "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்களுக்குள், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். வேறு பேச்சு இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். வாய் வேறு எதையோ சொல்லித் தொலைத்தது. அதற்குப் பிறகு ஒரு மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. நாள் ஆக ஆக அது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

அவளுக்கு ஒரு செய்தி அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். கடைசியில் இவர்தான் தலையில் அடித்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார். ஏற்பாடு இதுதான்: மொத்தம் அறுபது சதுரம், ஆளுக்கு முப்பது. ஆறு வரிசை, வரிசைக்குப் பத்து. குழந்தை வளர்ந்த பிறகும் போர்த்தலாம். ஒரே கடை, ஒரே நூல், நான்காம் எண் ஊசி. சதுரம் எங்களிடமிருக்கும் பழைய புத்தகத்தில் உள்ளதுதான். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியாயிற்று.

செய்வது சுலபம். ஐந்து சங்கிலிக் கண்ணி போட்டு வளையமாக்க வேண்டும். ஊசியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு இழுக்கிற நெட்டைக் கண்ணி மூன்று மூன்று கூட்டமாக, நடுவில் ஒரு சங்கிலி. மூலை வந்தால் ஒரே ஓட்டையில் இரண்டு கூட்டம். நான்கு சுற்று முடிந்தால் சதுரம் தயார். மூலையை மறந்தால் வட்டமாகிவிடும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. சின்னவள் அதை எடுத்துத் தன் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இவர் பாதி நூலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "என்ன சொன்னா?" என்றேன். "காபி குடிக்கிறீங்களான்னா." இவரிடம் சேதி கேட்பது நம் தப்பு.

மார்ச் 12, புதன்

நான்கு சதுரம். நான்கும் அச்சில் வார்த்த மாதிரி.

மார்ச் 23, ஞாயிறு

பதினைந்து முடிந்தது. பாதிக் கிணறு. கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட ஒன்று போட்டுவிடுகிறேன்.

நூல் முனைகளை ஒளிக்கும் வேலைதான் யாருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். தையல் ஊசியில் கோத்து ஒரு முறை போய், திரும்பி வந்து, மறுபடி குறுக்கே போவேன். மூன்று தடவை. பிறகு எவன் இழுத்தாலும் வராது. சின்னவள் ஒரே ஒரு தடவை விட்டுக் கத்தரித்துவிடுவாள். கேட்டால், "போதும்க்கா, அது எங்க ஓடிடப் போகுது" என்பாள்.

என்பாள் என்று எழுதிவிட்டேன். அப்போது சொல்வாள்.

மார்ச் 30, ஞாயிறு

மகள் வந்தாள். வரும் வழியில் சித்தி வீட்டுக்குப் போய் அவள் போட்ட சதுரம் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். மேசைமேல் வைத்து, அதன்மேல் என்னுடையதை வைத்தாள். சுற்றிலும் அவளுடையது எட்டிப் பார்த்தது.

கடை அளவுகோல் எப்போதும் என் பையில் இருக்கும். என்னுடையது பதினொன்றரை சென்டிமீட்டர். அவளுடையது பதின்மூன்று. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே புத்தகம். ஒரு சதுரத்துக்கு ஒன்றரை என்றால் பத்துக்குப் பதினைந்து. அதைச் சேர்த்துத் தைத்தால் போர்வையாக இருக்காது, இழுத்துக் கட்டிய மூட்டையாக இருக்கும்.

"அவ தொளதொளன்னு போடறா" என்றேன்.

"நீ ஊசியைப் பிடிக்கிறதே கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கு" என்றார் இவர். யாரும் இவரைக் கேட்கவில்லை.

மகள் இரண்டையும் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். "உன்னோடது ஒண்ணை எடுத்துட்டுப் போய்ச் சித்திகிட்டயும் காட்டுவேன், ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான். யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும். யாருன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

போகும்போது வயிற்றில் என் கையை எடுத்து வைத்தாள். உள்ளே ஒரு உதை.

ஏப்ரல் 2, புதன்

புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் போட்டிருக்கும் அளவு பன்னிரண்டேகால். ஆக இரண்டு பேருமே சரியில்லை. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பிரித்துவிட்டுத் தளர்வாகப் போடலாம் என்று உட்கார்ந்தேன். முனையே கிடைக்கவில்லை. மூன்று தடவை குறுக்கே ஓட்டி நானே பூட்டிவிட்டேன். நெம்பி நெம்பி நூல்தான் பிசிறானது. விட்டுவிட்டேன்.

புதிதாக ஒன்று போட்டுப் பார்த்தேன். முதல் சுற்று தளர்வு. இரண்டாம் சுற்றில் அடுப்பை அணைத்தேனா என்று நினைப்பு போனது, கை தானாக இறுகிவிட்டது. முடித்து அளந்தால் பதினொன்று முக்கால். இந்தக் கையோடு எப்படித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேனோ.

ஏப்ரல் 11, வெள்ளி

குரோஷா கற்றுத்தரும் வீடியோ ஒன்றில் ஒரு பெண் சொன்னாள், அளவு வரவில்லையென்றால் கையோடு சண்டை போடாதீர்கள், கை மாறாது, ஊசியை மாற்றுங்கள் என்று. இறுக்கமாகப் போடுகிறவர்கள் பருமனான ஊசிக்கும், தளர்வாகப் போடுகிறவர்கள் மெல்லிய ஊசிக்கும் போக வேண்டுமாம். இது தெரியாமல் ஐந்து நாளாகக் கையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடை முடிந்து போய் ஐந்தாம் எண் ஊசி வாங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக இவரிடம்.

விட்டுக்கொடுப்பது என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஊசிதானே.

ஏப்ரல் 13, ஞாயிறு

பதின்மூன்று. மிகச் சரியாகப் பதின்மூன்று. சதுரம் கையில் பூப்போலக் கிடந்தது. நான் போட்டதென்றே நம்ப முடியவில்லை. மகள் விட்டுப்போன சின்னவள் சதுரத்தின்மேல் வைத்தேன், ஓரம் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாக்கிப் பதினைந்தையும் இந்த ஊசியில் போடுவது. பிறகு முதலில் போட்ட சின்னப் பதினைந்துக்குப் பதிலாகப் புதிதாகப் பதினைந்து. நூல் போதாது, வாங்க வேண்டும். பரவாயில்லை.

மே 1, வியாழன்

சிக்னலில் நின்றிருந்தேன். 'பயிற்சி வாகனம்' பலகை போட்ட கார் ஒன்று எதிரே நின்றது. ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மாணவி, பக்கத்தில் சின்னவள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. நானும் கையைத் தூக்கினேன். கையிலிருந்த நூல் பையும் சேர்ந்து மேலே போனது. அவள் சிரித்தாளா? கண்ணாடி பளபளத்ததில் சரியாகத் தெரியவில்லை.

விரலுக்கு என்ன? கார்க் கதவில் நசுங்கியிருக்குமோ. கேட்டிருக்கலாம். பச்சை விழுந்துவிட்டது.

மே 11, ஞாயிறு

பாக்கிப் பதினைந்தும் முடிந்தது, சின்னப் பதினைந்துக்குப் பதில் போடுவதை இன்னும் தொடங்கவில்லை. சின்னவளும் முப்பதை முடித்துவிட்டாளாம், தம்பி சொன்னதாக இவர் சொன்னார். "வர்ற சனிக்கிழமை அவளை இங்க வரச் சொல்லிட்டேன். ரெண்டு பையையும் ஒரே இடத்துல கொட்டிப் பாத்துட்டு அப்புறம் மத்ததைப் பேசுங்க. நான் இனிமே மூட்டை தூக்க மாட்டேன்."

இந்த வீட்டுக்குள் அவள் வந்து இரண்டு வருஷம்.

மே 17, சனி

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி வைக்க வேண்டும்.

பத்து மணிக்கு வந்தாள். செருப்பைப் பழைய இடத்திலேயே விட்டாள். விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நானும் என் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி எதிரே உட்கார்ந்தேன். இவர் நிலைமையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறேன் என்று நழுவினார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்க்கா" என்றாள். "என்னோடது பெருசு பெருசா இருந்துச்சில்ல, இப்ப சரி பண்ணிட்டேன். உங்க அளவுக்குக் கொண்டு வந்துட்டேன்."

அவள் பையைக் கவிழ்த்தாள். மேலே விழுந்த பதினைந்தும் குட்டி குட்டியாக, இறுக்கமாக இருந்தன. எடுத்து அளந்தேன். பதினொன்றரை.

"எப்படிடி?"

"மூணாம் எண் ஊசி. கண்ணி இறுகிப்போய் அது உள்ளயே நுழைய மாட்டேங்குது. குத்திக் குத்தி விரல் புண்ணாயிடுச்சு."

பிளாஸ்திரி அதற்குத்தான்.

நான் என் பையைக் கவிழ்த்தேன். என் புதுப் பதினைந்தும் பெரிது பெரிதாக மேசையில் விழுந்தன. அவள் ஒன்றை எடுத்தாள், திருப்பினாள், என்னைப் பார்த்தாள்.

"இது நீங்களா போட்டது?"

"அஞ்சாம் எண் ஊசி" என்றேன்.

யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. எனக்கு வந்தது முழுக்கச் சிரிப்பினால் இல்லை.

"அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன்ல" என்றேன். "நீ சாமான் ஏத்தும்போது."

அவள் சதுரங்களை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டே, "வீடு விசாலமா இருக்கும்னு சொன்னீங்க" என்றாள். ஒரு எழுத்து மறக்கவில்லை. பிறகு கேட்டாள்: "இருந்துச்சா?"

"இல்ல. ஒரு நாள்கூட இல்ல. நீ போறது எனக்குப் பிடிக்கல. அதைச் சொல்லத் தெரியாம அப்படிச் சொல்லிட்டேன். தப்புதான்."

அவள் கையிலிருந்த சதுரத்தைக் கீழே வைத்தாள். "ரொம்ப நாள் அந்தப் பேச்சு காதுலயே இருந்துச்சுக்கா" என்றாள். அப்புறம் அவளே எழுந்து தேநீர் போடப் போனாள். சர்க்கரை டப்பாவை இடம் மாற்றி வைத்திருந்ததற்கு அங்கிருந்தே என்னைத் திட்டினாள்.

தேநீர் குடித்துவிட்டு எண்ணினோம். அவளுடைய பழைய பதினைந்தும் என் புதுப் பதினைந்தும் சேர்த்து முப்பது பெரிசு. என் பழைய பதினைந்தும் அவளுடைய புதுப் பதினைந்தும் சேர்த்து முப்பது சின்னது. ஒன்றையும் பிரிக்க வேண்டாம். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. ஒன்றுக்கு இரண்டு குழந்தைப் போர்வை.

"நம்ம ரெண்டு பேருக்கும் புத்தி ஒரே மாதிரி கோணலாப் போயிருக்கு" என்றாள்.

மே 25, ஞாயிறு

சின்னப் போர்வையை அடுத்து, இன்று பெரிய போர்வையையும் சேர்த்துத் தைத்து முடித்தோம். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எல்லாச் சதுரத்தையும் கலைத்துப்போட்டு எடுத்ததால் எது யாருடையது என்று இப்போது அவளுக்குத் தெரியாது. முன்பக்கத்தைப் பார்த்தால் எனக்கும் தெரியாது.

சின்னப் போர்வை எங்கே இருப்பது என்று பேச்சு வந்தது. "உன் வீட்டுல இருக்கட்டும். குழந்தை அங்க வந்தா போர்த்த வேணாமா" என்றேன். அவள் அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ஜூன் 6, வெள்ளி

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. இருவரும் நலம்.

ஜூன் 8, ஞாயிறு

சேர்ந்தே போனோம். சின்னவள் ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் அவளுக்கே வழி சொன்னேன். "அக்கா, பயிற்சி கொடுக்கறது நானு" என்றாள்.

மகள் போர்வையை வாங்கிக் குழந்தைமேல் போர்த்தவில்லை. முதலில் மடியில் விரித்துப் பார்த்தாள். "இதுல எது அம்மா போட்டது, எது சித்தி போட்டது?"

சின்னவள் குனிந்து தேடினாள். நடுவிலிருந்த ஒரு சதுரத்தில் விரலை வைத்து, "இது என்னோடது. பாரு, எவ்வளவு மெத்துனு இருக்கு" என்றாள்.

நான் ஓரத்தை மெல்லப் புரட்டி அந்தச் சதுரத்தின் அடிப்பக்கம் பார்த்தேன். நூல் முனை குறுக்கே மூன்று தடவை ஓடியிருந்தது.

போர்வையைச் சரிசெய்து விட்டேன். "ஆமா," என்றேன், "அது சித்தி போட்டதுதான்."