தொடாமல் விட்ட தண்ணீர்

ஹெர்னே, ஜெர்மனி,
நவம்பர், ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் சில்கேவுக்கு அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடுகிறோம், சாப்பிடுகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை நோராவும் அந்த ஹாலிஃபாக்ஸ் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். போனில் கேட்டால் நல்லா இருக்கோம்மா என்கிறாய், நானும் அதையே திருப்பிச் சொல்கிறேன், அப்புறம் இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அப்பா போன் பக்கமே வருவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என் முழங்கால் பழையபடிதான், அதை விடு. விஷயம் யோர்னின் மீன்கள். சிரிக்காமல் படி.

உன் தம்பி பெரு நாட்டிலிருந்து பிளாஸ்டிக் பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானே குள்ள சிக்லிட் மீன், அதன் பேரன் பேத்திகள்தான் இத்தனை நாளாய் நம் நிலவறையில் இருந்தன. அவன் பைக் விபத்துக்கு அப்புறம் அப்பா வேறு எந்த மீனையும் வைத்துக்கொள்ளவில்லை, இருந்ததையெல்லாம் தன் மீன் வளர்ப்புச் சங்கத்துக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். யோர்ன் பிடித்த ஓடையே இப்போது இல்லையாம், மண்ணைத் தள்ளி மூடி எண்ணெய்ப் பனை நட்டுவிட்டார்களாம். சங்கத்தில் சிலர் வாங்கிப்போன குஞ்சுகளும் ஒவ்வொரு வீட்டிலாய்ச் செத்துப்போயின. போன குளிர்காலத்தில் ஏதோ நோய் வந்து நம் வீட்டிலும் வாரிக்கொண்டு போயிற்று, மிஞ்சியது ஒரே ஒரு கிழட்டு ஜோடி. அதுகளுக்குக் குஞ்சு நிலைக்கவில்லை என்றால் அவன் கையால் கொண்டுவந்தது என்று உயிரோடு ஒன்றும் இருக்காது. அப்பாவுக்கு ராப்பகலாய் இதே நினைப்பு. எனக்கும்தான், சொல்லிக்கொள்ளவில்லையே தவிர.

நம் ஊர்க் குழாய்த் தண்ணீரின் லட்சணம் உனக்குத் தெரியும், காபிக் கெண்டியில் சுண்ணாம்பைக் கத்தியால் சுரண்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் இந்த மீன் முட்டை போட்டால் மறுநாளே வெள்ளையாய்ப் பூஞ்சை பிடித்துவிடும். மழைத் தண்ணீர் பிடிக்கலாம் என்றால் இந்தக் கோடையில் பீப்பாயின் அடிகூட நனையவில்லை. அதனால் ஒரு ஆர்.ஓ. பெட்டியை வாங்கிவந்து சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதில் சொட்டுச் சொட்டாய் இறங்குகிற தண்ணீரில் ஒன்றுமே இருக்காது, வெறும் தண்ணீர். அதைப் பீப்பாயில் நிரப்பி, சதுப்பு நிலத்து மக்கிய மண்ணை என் நைலான் காலுறைக்குள் அடைத்து, தண்ணீரில் புளிப்பு ஏறட்டும் என்று ஊறப்போடுவார். பழைய காலுறை என்று எடுத்தார், அதில் பாதி நல்லது, கேட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். கால்வாய்க் கரையில் பொறுக்கிய ஆல்டர் மரக் காய்களை என் சூப்புப் பானையிலேயே போட்டுக் காய்ச்சினார், ஒரு வாரம் பட்டாணி சூப்பில் சேற்று வாடை. தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்ததும் கருவியை விட்டுப் புளிப்பு எவ்வளவு என்று பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி அந்த மண்ணைப் போடுவார். அப்படியும் இரண்டு தடவை முட்டை வெளுத்துப்போயிற்று. கடைசியில் அமிலத்தையே சொட்டு விட்டுப் புளிப்பைக் கூட்டி, சூட்டையும் ஏற்றினார். அப்புறம்தான் அந்தக் கிழவி மீன் மஞ்சள் மஞ்சளாய் நிறம் ஏறி, தேங்காய்ச் சிரட்டைக்குள்ளிருந்து ஒரு குஞ்சுப் பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நான் அந்த ஈரப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன் சில்கே.

இனிமேல்தான் இருக்கிறது. இந்த மீன் ஆணா பெண்ணா என்பது முட்டையோடு முடிந்துபோவதில்லை. பிறந்து முதல் சில வாரம் எந்தத் தண்ணீரில் கிடக்கிறதோ அதைப் பொறுத்தது. புளிப்பும் சூடும் கூடினால் எல்லாம் ஆணாய்ப் போய்விடும். அதனால் குஞ்சு நீந்த ஆரம்பித்ததும் புளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்து, சூட்டையும் இறக்கிவிட வேண்டும். நேற்றுச் சங்கத்தில் சேர்ந்தவனுக்கும் இது தெரியும், அப்பா இதைப் பற்றிக் கூட்டத்தில் நின்று பேசியே இருக்கிறார். தெரிந்தும் செய்யவில்லை. வாளியில் தண்ணீரைக் கலந்து தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பார், ஊற்றாமலே கீழே வைத்துவிடுவார். தண்ணீர் மாறினால் இதில் ஒன்றிரண்டு தாங்காது, எது போகும் என்று தெரியாது என்பார். நானும் பின்னால் நின்றுகொண்டு, நல்லாத்தானே நீந்துது, விட்டுடுங்க, தொடாதீங்க என்றேன். ஒவ்வொரு நாளும் இதையேதான் சொன்னேன். ஒன்றுகூடச் சாகவில்லை. அதைத்தான் இரண்டு பேரும் பெருமையாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன சனிக்கிழமை லோதார் வந்தார், அப்பாவின் சங்கத்து நண்பர், உன் கல்யாணத்தில் நாற்காலியோடு விழுந்தாரே அவர்தான். குஞ்சுகள் வளர்ந்து துடுப்பு நீண்டு ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. கேக் கூடச் சாப்பிடாமல் கீழே போய், விளக்கைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் நான்தான் தாங்க முடியாமல் மூலையில் ஒதுங்கியிருந்த ஒரு சின்ன மஞ்சளைக் காட்டி, இது பொண்ணுதானே என்றேன். அதன் மேல்தான் என் உயிர் கிடந்தது. லோதார் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"அதுவும் பயதான் ஈவால்ட்டு. பெரியவனுங்க அடிப்பானுங்கன்னு பொட்டை மாதிரி நடிக்கிறான். எல்லாமே பயலுகதான்."

கிழவி மீன் செப்டம்பரிலேயே செத்துப்போயிருந்தாள், இனி முட்டை போட ஒன்றுகூட இல்லை. லோதார் தனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரையும், செக் நாட்டுக்காரர்களைக்கூட, இந்த வம்சத்தில் ஒரு பெண் மீன் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார், நல்ல மனுஷன், எங்கும் இல்லை என்பது அவருக்கே தெரியும். அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு அப்பா சமையலறைக்கு வந்தார். கை துடைத்தார். நான் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன், திட்டுவாரோ, என்னால்தான் என்பாரோ என்று தலையைத் தூக்கவில்லை.

"யோர்ன் செத்துட்டான், எர்னா."

அவ்வளவுதான் சொன்னார். நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஆமா, செத்துட்டான் என்றேன். எனக்கும் அதுதான் முதல் தடவை. அப்புறம் அவர் அழுததை நான் எழுத மாட்டேன், நீ பார்த்ததில்லை, பார்க்காமலே இருக்கட்டும்.

தங்கமே, அவன் கல்லறையில் இன்னும் அந்த மரச்சிலுவைதான் நிற்கிறது, உனக்கு நாங்கள் சொல்லவில்லை. பெயர் எழுதின பெயின்ட் பாதி உதிர்ந்துவிட்டது. கல் வைக்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் அப்பா மண் இன்னும் இறுகவில்லை என்று தட்டிக்கழித்தார், நானும் சரி என்று இருந்துவிட்டேன். இந்தத் திங்கட்கிழமை அவரே கல் வெட்டுகிறவரிடம் போனார். சாம்பல் நிறக் கல், பெயரும் வருஷங்களும் மட்டும். வசந்தத்தில் வைக்கலாம் என்றார்களாம். சில்கே வராமல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார், உனக்கு எழுதச் சொன்னதும் அவர்தான்.

கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் என் நோராவையும் கைவிடாமல் காக்கட்டும். பனி விழுவதற்கு முன் வண்டிக்குக் குளிர்கால டயரை மாற்றச் சொல், நீ ஓட்டும்போது அவசரப்படாதே. மீன்கள் கீழே தனித்தனிக் கண்ணாடித் தொட்டியில் இருக்கின்றன, அப்பா தினமும் தீனி போடுகிறார், அதுகளின் ஆயுசு இன்னும் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ. அதற்குள் வந்து பார்த்துவிடு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா எர்னா